மூன்றாவது பத்தாண்டில் மீத்தேன்

ஜனவரி 18

மச்சானுக்கு,

போனில் பேசினால் நம் இருவருக்கும் ஒரு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. நீங்கள் "ம்" என்கிறீர்கள். அந்த "ம்"முக்கு நான் ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் உங்கள் தங்கை போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். போதாததற்கு வாரம் முழுக்க உங்கள் போன் ஏவுதளத்து கேட்டில் பூட்டிக் கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன். இதிலும் சண்டை வரலாம். வந்தாலும் தபால் வேகத்தில்தான் வரும்.

தலைமை அலுவலகத்தில் என்னை ஒரு புதிய குழுவில் போட்டிருக்கிறார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் எந்தெந்த எஞ்சின்களை வைத்துப் புவிவட்டப் பாதைக்குப் போகப்போகிறோம் என்று திட்டம் எழுதும் குழு. கூட்ட அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு இரும்புப் பலகை. மேலே மூன்று பத்தாண்டுகள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு காந்தப் பட்டை. அதை எந்தப் பத்தாண்டுக்குக் கீழே ஒட்டுவது என்பதுதான் எங்கள் வேலை. முதல் பத்தாண்டில் ஒட்டினால் அந்த எஞ்சினுக்கு ஆளும் இடமும் கிடைக்கும். இரண்டாவதில் ஒட்டினால் கருத்தரங்கு கிடைக்கும். மூன்றாவதில் ஒட்டினால் ஓவியம் கிடைக்கும்.

என் பொறுப்பில் இருப்பது மீத்தேன் எஞ்சின். திரவ ஆக்சிஜனும் மீத்தேனும் எரிந்து ஓடுவது. அது வந்துவிட்டால் இன்று நீங்கள் கொட்டகையில் ராக்கெட்டுக்கு நிரப்புகிற விஷம் தேவையில்லை. மீத்தேனும் சாது இல்லை, கசிந்தால் தீப்பிடிக்கும். ஆனால் நுரையீரலை அரிக்காது.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் இரண்டு மதிப்பெண். எவ்வளவு தயார், எவ்வளவு அவசரம். தயாரில் மீத்தேன் நன்றாகவே வாங்கியிருக்கிறது. அவசரத்தில் பூஜ்யம். காரணம், உங்கள் கொட்டகையிலிருந்து ஒவ்வொரு நிரப்பலுக்குப் பிறகும் வரும் அறிக்கையில் ஒரு வரி: "கசிவு: இல்லை." எத்தனை வருட அறிக்கையைப் புரட்டினாலும் இல்லை, இல்லை, இல்லை.

போன தடவை வீட்டுக்கு வந்தபோது மாடிப்படி ஏறி முடித்ததும் ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்து உட்கார்ந்துகொண்டீர்கள். நீங்கள் போட்டிருந்தது செருப்பு. நான் பார்த்தேன்.

கசிவு உண்மையிலேயே இல்லையா, மச்சான்?

மாப்பிள்ளை


ஜனவரி 29

மாப்பிள்ளைக்கு,

மச்சானின் செருப்பைக்கூடக் கவனிக்கிற ஆளுக்குத்தான் தங்கச்சியைக் கொடுத்திருக்கிறோம். சந்தோஷம்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

கொட்டகையில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஒப்பந்த ஆட்கள். நிரந்தர ஊழியர்கள் கனத்த சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து எங்களைத் திரையில் பார்ப்பார்கள். நாங்கள் ரப்பர் உடுப்புக்குள் இருப்போம். உடுப்புக்கு ஆயுள் தேதி உண்டு. அந்தத் தேதியின் மேல் புதுத் தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கரும் ஓரத்தில் உரிந்துவிட்டது. அதற்கு மேல் டேப் போட்டிருக்கிறோம்.

எரிபொருள் கசிந்தால் அழுகின மீன் நாற்றம் வரும். அது மூக்குக்கு எட்டினாலே அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். உங்கள் புத்தகத்திலும் இது இருக்கும். எல்லா நாளும் வருவதில்லை. வருகிற நாள் வரும். உடுப்புக்குள் ஒரு மைக் உண்டு. அதில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. "கசிவு" என்று வாயைத் திறந்தால் வேலை நிற்கும், விசாரணை வரும், ஒப்பந்தக்காரர் தலையில் அபராதம் விழும். அவர் தலையில் விழுந்தது எங்கள் வயிற்றில் விழ எவ்வளவு நேரம் ஆகும்? போன வருடம் இன்னொரு கொட்டகையில் ஒருத்தன் யோக்கியமாகச் சொன்னான். இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "மீன்காரி வந்துட்டா" என்போம். உடனே அடுத்தவர் "கூடை?" என்பார். "சின்னது" என்றால் குழாய் மூட்டை இறுக்கிவிட்டு வேலையைத் தொடரலாம். "பெருசு" என்றால் கதவைப் பார்த்து ஓட வேண்டும். ஆரம்பித்து வைத்தவர் எங்கள் மூத்தவர், தாடி. அவருக்குத் தாடி கிடையாது. முகமூடி ஒட்டாது என்று சேர்ந்த அன்றே மழித்துவிட்டார்கள். பெயரை மழிக்க முடியவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவர்கள் நாங்கள் ஏதோ பெண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் ஒருத்தர் ஸ்பீக்கரிலேயே கேட்டார்.

"யாருய்யா அது, பாக்க நல்லா இருப்பாளா?"

"கிட்ட வந்து பாருங்க சார், மயங்கிடுவீங்க" என்றார் தாடி.

சிரித்துக்கொண்டே நிரப்பினோம். சிரித்தால் இருமல் வருகிறது என்பது ஒன்றுதான் தொல்லை.

முப்பது வருடத் திட்டமாம். என் ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறார்கள்.

மச்சான்


பிப்ரவரி 11

மச்சானுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்த வாயை மூட ஒரு நாள் ஆனது.

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். உங்கள் தங்கையிடம்கூட "அண்ணன் நலம்" என்று மட்டும்தான் சொன்னேன். "நலம்னா உங்ககிட்ட ஏன் கடிதத்துல சொல்லணும்?" என்று கேட்டாள். உங்களை அந்த வேலையை விடச் சொல்கிறாள். விட்டுவிட்டு எங்கே போவது என்று நானும் அவளும் ஒரே நேரத்தில் யோசித்து, ஒரே நேரத்தில் வேறு பேச்சுக்குப் போனோம்.

எங்கள் இயக்குநருக்கு அலுவலகத்தில் வைத்திருக்கிற பெயர் "தொலைநோக்கு". அந்தச் சொல் இல்லாமல் அவரால் டீகூடக் கேட்க முடியாது. அவருக்குப் பிடித்தது காற்றை உறிஞ்சிக்கொண்டே பறக்கும் எஞ்சின். விமானம்போல ஓடுபாதையில் கிளம்பி, மேலே போகிற வழியில் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையே எடுத்து எரித்துக்கொள்வது. அழகான யோசனைதான். சோதனைக்கூடத்தில் ஒரு பெருமூச்சு விடும் நேரம் எரிந்திருக்கிறது. அதை முதல் பத்தாண்டில் ஒட்ட இடம் தேடுகிறார். மீத்தேனைப் பற்றிச் சொன்னால், "படத்துல எடுபடாதுப்பா. அடுப்பு கேஸ் மாதிரி இருக்கு" என்கிறார்.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. ஒவ்வொரு எரிபொருளையும் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒப்பிட வேண்டியிருக்கிறது. அதற்காகக் கொட்டகையின் ஒலிப்பதிவுகளை முறைப்படி கேட்கலாம். வேலை எத்தனை தடவை நிற்கிறது என்பது அதிலேயே தெரியும். பதிவு அலுவலகத்துடையது, கடிதம் உங்களுடையது. இரண்டையும் நான் கலக்கவில்லை.

இது சரிதானே?

மாப்பிள்ளை


பிப்ரவரி 20

மாப்பிள்ளை,

சரியில்லை.

அது எங்கள் ஆறு பேருக்குள் பேசுகிற பேச்சு. பொண்டாட்டியிடம்கூடப் பேசாத பேச்சு. அதைக் குளிரூட்டின அறையில் போட்டுக் கேட்காதீர்கள்.

நீங்கள் நல்லவர். அதனால்தான் பயமாக இருக்கிறது. கெட்டவன் என்றால் எங்கே நிறுத்துவான் என்று கணக்குப் போடலாம்.

மச்சான்


மார்ச் 15

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விட்டது. திரும்ப வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. நேற்றுக் கூட்டம். நடந்ததை அப்படியே சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

பதிவை ஓட்டினார்கள். காற்றுக் குழாயின் இரைச்சல், நடுவே உங்கள் குரல்.

"மீன்காரி வந்துட்டா."

"கூடை?"

"சின்னதுதான்... இல்ல, இல்ல. பெருசு. ஒதுங்கு, ஒதுங்கு."

அப்புறம் ஏதோ விழுகிற சத்தம். இருமல். ரொம்ப நேரம் இருமல்.

பாதுகாப்பு அதிகாரி கையைத் தூக்கினார். "நிறுத்துங்க. எந்த மீன்காரி? தடைசெஞ்ச பகுதிக்குள்ள மீன் விக்கறாங்களா?"

"கூடையோட வேற வர்றா" என்றார் தொலைநோக்கு. அறையே சிரித்தது.

"சிரிக்காதீங்க சார். கூடைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதுவும் பெரிய கூடைங்கறான்."

ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. வடக்குப்பக்க மதிலை உயர்த்துவது. கேட்டுக்கு வெளியே யாரும் எதுவும் விற்கக் கூடாது. உள்ளே வரும் பெண்களையெல்லாம் சோதிப்பது. குறிப்பெடுக்கிற பெண் "மீன் விற்பனையாளர் ஊடுருவல்" என்று தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மதில் உயர்ந்திருக்கும். கேட்டருகே கடை போட்டிருக்கும் நாலு ஏழைகளை விரட்டியிருப்பார்கள். மீத்தேன் மூன்றாவது பத்தாண்டில் படமாகத் தொங்கியிருக்கும். நீங்கள் தொடர்ந்து கொட்டகைக்குள் போவீர்கள், "ஒதுங்கு" என்று கத்துவீர்கள். அந்த இருமலைக் கேட்ட பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அது ஆள் இல்ல சார். வாசனை" என்றேன். எல்லாவற்றையும் விளக்கினேன்.

மிக்சர் தட்டில் கை வைத்திருந்தவர் கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் தொலைநோக்கு எழுந்து போய், மீத்தேன் பட்டையைத் தன் கையாலேயே உரித்து, முதல் பத்தாண்டின் கீழே ஒட்டினார். அவசரத்துக்கு ஒன்பது மதிப்பெண். மச்சான், இந்தக் கட்டடத்தில் இப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததே இல்லை.

பெயர் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்காதது நல்லதுக்கு என்றுதான் பட்டது.

மாப்பிள்ளை


ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

பெயர் எதற்கு? குரல் இருக்கிறதே.

ஒப்பந்தக்காரரின் மேனேஜர் எங்கள் ஆறு பேரையும் கேட்டில் இருக்கும் காவல் கூண்டுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார். கையில் உங்கள் பதிவு. ஒவ்வொருத்தராக முன்னால் வந்து "மீன்காரி வந்துட்டா" என்று சொல்ல வேண்டும். குரல் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்களாம். வேலைக்குள் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றார். சத்தமாகச் சொன்னேன். சொல்லும்போது இருமல் வந்தது. "ஆங், இவன்தான்" என்றார்.

தாடியின் முறை வருவதற்கு முன்பே அவர் முன்னால் வந்து, "கூடை?" என்றார். "அது நான்தான் சார். மிச்சப் பேரை விட்டுடுங்க."

"பொய் ரிப்போர்ட் குடுத்திருக்கீங்க. கசிவு இல்லன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீங்க விரலை வெச்ச இடத்துல போட்டோம் சார்."

ஆறு பேரையும் எடுத்துவிட்டார்கள். வளாகத்துக்குள் வேறு எந்த ஒப்பந்தக்காரரும் எங்களைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு. குடியிருப்பை அன்றைக்கே காலி செய்யச் சொன்னார்கள். வீட்டுக்காரி அடுப்பைத் துணியில் சுற்றினாள். அது இன்னும் சூடாக இருந்தது.

கேட்டில் நின்ற காவலர் எனக்குத் தெரிந்தவர். ஆறுதல் சொல்கிறாராம். "உன் மாப்பிள்ளை பெரிய எடத்துல இருக்காராமே, ஒரு வார்த்தை சொன்னா போதாதா?"

"சொன்னார்ணே" என்றேன்.

நீங்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பொய்யாக இருந்தால் எனக்குக் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும். ஒன்று கேட்கிறேன். அந்தக் கொட்டகையைக் கட்டினவன் இருக்கிறான், உடுப்பில் ஸ்டிக்கர் ஒட்டினவன் இருக்கிறான், சுவருக்கு அந்தப்பக்கம் எங்கள் இருமலை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே டீ குடித்தவன் இருக்கிறான். அவன் குரலையெல்லாம் யார் ஒத்துப்பார்ப்பது?

முதல் பத்தாண்டில் மீத்தேன் வரட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் எந்தப் பத்தாண்டில் இருக்கிறோம் என்று உங்கள் பலகையில் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில் எழுத வேண்டாம்.

மச்சான்


ஆகஸ்ட் 2

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். கிட்டத்தட்ட நான்கு மாதம் எழுதவில்லை. உங்கள் புது முகவரியை உங்கள் தங்கை தரவில்லை, அவள் பையிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். இதை மற்றவர்கள் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது.

மீத்தேன் மூன்றாவது பத்தாண்டுக்குப் போய்விட்டது.

உங்கள் ஒப்பந்தக்காரர் ஜூன் மாதம் ஒரு அறிக்கை அனுப்பினார். "மனிதத் தவறு. சம்பந்தப்பட்டவர்கள் நீக்கப்பட்டனர். தீர்வு நிறைவு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த நிரப்பல் அறிக்கைகளில் மறுபடி அதே வரி: இல்லை. அவசர மதிப்பெண் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

தொலைநோக்கின் அறைக்குப் போனேன்.

"ஆள் போயிட்டா கசிவு போயிடுமா சார்?"

"தம்பி, நீதானே பிரச்சினையக் கண்டுபிடிச்சே? அதைத் தீர்த்தாச்சு. தீர்ந்துபோன பிரச்சினைக்கு எதுக்குப்பா புது எஞ்சின்?"

"மூட்டு அதே மூட்டு சார். உடுப்பு அதே உடுப்பு."

"இங்க பாரு. உன் மச்சான் விஷயம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்னை உக்கார வெச்சிருக்கேன். பெருசா யோசி."

நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். கத்தியிருக்க வேண்டும். கத்தினால் என்ன ஆகும் என்று ஏப்ரலில் பார்த்துவிட்டதால் கத்தவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயம் என்று சொன்னாலும் சரிதான்.

முதல் பத்தாண்டில் காலியான இடத்தில் காற்றை உறிஞ்சும் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. வரவேற்பறையில் அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, உள்ளே விளக்குப் போட்டிருக்கிறார்கள். என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். திட்டப் புத்தகம் அச்சாகிறது. அச்சகத்தில் நின்று படங்களின் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பது இப்போது என் வேலை. மூன்றாவது பத்தாண்டுப் பக்கத்தில் மீத்தேன் எஞ்சின் நீலச் சுடரோடு பறக்கிறது. நீலம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

உங்கள் தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். ஒரே ஒரு தடவை சொன்னாள்: "எங்கண்ணன் உங்ககிட்ட ரகசியத்த சொல்லல. கஷ்டத்த சொன்னார்."

இங்கே வந்துவிடுங்கள். பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. ஏதாவது வேலை பார்க்கலாம். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மாப்பிள்ளை


அக்டோபர் 26

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பின்னறைக்கு நன்றி. தங்கச்சி வீட்டுப் பின்னறையில் போய் உட்கார்ந்தால் அவளுக்கு உங்கள் மேல் இருக்கிற கோபம் இன்னும் வளரும். அது வேண்டாம். அவளிடம் நான் போனில் பேசிவிட்டேன். "பேசாம இருந்து அவரை என்ன பண்ணப் போற, உப்பு ஜாஸ்தின்னு சொல்லக்கூட ஆள் இல்லாம சாப்பிடறாரு" என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.

இத்தனை நாள் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கினேன். நான் ஒரு மூட்டையை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மற்றவர்கள் மூன்று மூட்டை வைத்துவிடுவார்கள். மேஸ்திரி நல்ல மனிதர். "உக்காந்து செய்யற வேலை ஏதாவது பாருப்பா" என்று மரியாதையாகத்தான் நிறுத்தினார். அப்படி ஒரு வேலை எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. தாடி படுக்கையில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். முகத்தில் நிறையத் தாடி. முதலில் அடையாளம் தெரியவில்லை.

கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கோபப்படவும் காற்று வேண்டும்.

போன வாரம் அந்த மேனேஜர் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். ஒப்பந்தத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். புதுப் பெயர், புதுப் பலகை, அதே ஆள். எங்களுக்குப் பதிலாக எடுத்தவர்களுக்கு நிரப்பத் தெரியவில்லையாம். இரண்டு பேர் ஒரே வாரத்தில் ஓடிவிட்டார்களாம். ராக்கெட் கிளம்பும் நாள் குறித்தாகிவிட்டது. "பழசெல்லாம் மறந்துடு. உத்தரவு பழைய கம்பெனிக்குத்தான். இது வேற கம்பெனி" என்றார். தினக்கூலி. மூன்று மாத ஒப்பந்தம்கூடக் கிடையாது.

வீட்டுக்காரி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "வேண்டாம்" என்று சொல்வாள் என்று பார்த்தேன். "எப்ப வரச் சொல்றாங்க?" என்றாள்.

நேற்று உடல் பரிசோதனை. ஒரு குழாயில் மூச்சை இழுத்து ஊத வேண்டும். பெட்டியில் ஒரு எண் வரும். அந்த எண் ஒரு அளவுக்கு மேல் இருந்தால்தான் கொட்டகைக்குள் விடுவார்கள். ஊதினேன். வரவில்லை. டாக்டர் தண்ணீர் கொடுத்தார். மறுபடி ஊதினேன். கண் இருட்டிக்கொண்டு வந்ததே தவிர எண் வரவில்லை. "இவருக்கு ஆகாது" என்று டாக்டர் பேனாவை மூடினார். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றவில்லை. ஐயோ என்று தோன்றியது. "இன்னொரு தடவை சார்" என்று கேட்டது நான்தான்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து வந்து என் கையிலிருந்த குழாயை வாங்கினார். கைக்குட்டையால் அதன் வாயைத் துடைத்தார். ஒரே மூச்சில் ஊதினார். அளவைத் தாண்டி எண் போய் நின்றது. நல்ல நுரையீரல், கொட்டகைப் பக்கமே போகாத நுரையீரல். டாக்டர் பேனாவைத் திறந்து, அந்த எண்ணை என் பெயருக்கு நேராக எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை உடுப்புத் தருகிறார்கள்.

மச்சான்